சாக்பீஸ் வட்டங்கள்

வேலை முடிந்து வந்த கல்பனா கூடத்துக்குள் கால் வைக்கப் போனபோது, சாய்வு நாற்காலியில் இருந்தபடியே உக்கிரபாண்டி வலது கையை உயர்த்தினார். ஒரு காலத்தில் நடுரோட்டில் லாரிகளை நிறுத்திய கை அது.

கல்பனா ஒற்றைக் காலில் நின்றாள்.

மொசைக் தரையில், நாற்காலிக்கு ஓரடி முன்னால், மஞ்சளாக ஒரு சின்னக் குளம். அதைச் சுற்றி வெள்ளை சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டத்திலிருந்து கிளம்பிய அம்புக்குறி சோபாவை நோக்கிப் போனது. சோபாவுக்கு அடியில் மினி படுத்திருந்தது.

"பாத்த ஒடனே தொடைச்சிருக்கலாமே மாமா."

"தடயத்தை எப்பிடித் தொடைக்கது?"

அவளுடைய மாமனார் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பவ இடத்துக்குப் போனதும் முதலில் வட்டம், பிறகுதான் விசாரணை என்று பழகியவர். காவல் துறையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மீசையோடு இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார்.

"காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. அது ரெண்டும் காஞ்சுபோச்சு. வட்டம் இருக்கு, பாத்துக்கோ."

கல்பனா பார்த்தாள். ஒரு வட்டம் பூஜை அறை வாசலில் இருந்தது. இன்னொன்று, அவர் பதக்கம் வாங்கும் புகைப்படத்துக்கு நேர் கீழே.

மினி வெள்ளை நிறப் பொமரேனியன். வயது ஐந்து. நனைந்தால் பாதியாகிவிடும் உடம்பு. கல்பனாவின் அக்கா வெங்கடேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்த்தது. அக்கா தன் மகனோடு துபாயில் இருக்கப் போனதும், மினி ஒரு வயர்க்கூடையில் ஏறி ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தது.

"இந்த ஊரு பேரைச் சொன்னா டெல்லிக்காரன்கூட நாயைத்தான் நெனைப்பான்," என்றார் உக்கிரபாண்டி. "இடுப்பு ஒசரம். ஒத்தப் பார்வைதான், திருடன் வேட்டியை விட்டுட்டு ஓடுவான். அப்பேர்ப்பட்ட ஊர்ல, என் வீட்டுல, ஒட்டடைக்குச்சியைக் கொண்டாந்து நாய்னு சொல்லுத."

"புது எடம் மாமா. பழகிரும்."

"ஆடிப்பூரத்துக்கு மம்சாபுரத்துல இருந்து பால்ச்சாமி வருவான்லா. ஆண்டாள் தேர் பாத்துட்டு நேரா இங்கதான் வருவான். அன்னைக்குத் தரை காஞ்சு கெடக்கணும். இல்லேன்னா அதைக் கூடையில போட்டு அவன் தோப்புக்கு அனுப்பிருவேன்."

பால்ச்சாமி அவருடைய தம்பி. மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்.

"தோப்புல காட்டுப்பன்னி வருமே மாமா."

"வரட்டும். அங்க எங்க வேணும்னாலும் இருந்துக்கிடலாம். எவனும் வட்டம் போட மாட்டான்."

கல்பனா வாளியை எடுக்கப் போனாள்.

அந்த வீட்டில் பேச்சு என்பது மாமியாரோடு போய்விட்டது. மாமியார் இறந்த பிறகு மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் மேல் ஒருவருக்கு மரியாதை உண்டு, பேசிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கணவன் சுந்தரபாண்டியன் ராணுவத்தில், லடாக்கில். அங்கே சிக்னல் கிடைக்கும்போது இங்கே அவள் வேலையில் இருப்பாள். "சாப்பிடுதீங்களா மாமா?" என்று கேட்டால் "ம்" என்பார். "வேலைக்குப் போயிட்டு வாரேன் மாமா" என்றாலும் அதே "ம்". இரண்டு "ம்"களுக்கும் நடுவில் சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

மினி வந்த பிறகு ஒன்று மாறியது. மாலையில் தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்பும்போதே, வீட்டுக்குள் ஏதோ ஒன்று மொசைக்கில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்து கதவில் மோதும். அந்த ஒரு மோதலுக்காக ஆயுள் முழுக்கத் தரை துடைக்கக் கல்பனா தயாராக இருந்தாள். ஆனால் தோப்புக்குப் போய்விட்டால் துடைப்பதற்கு எதுவும் இருக்காது.

அன்றே கைபேசியில் வீடியோக்களைத் தேடினாள். பழைய செய்தித்தாளை ஒரு மூலையில் விரிக்க வேண்டும், நாயை அதில் போகப் பழக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள். கல்பனா கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் தாளை விரித்தாள். மினி போகும்போதெல்லாம் கைதட்டினாள்.

மினி புத்திசாலி. சீக்கிரமே பாடம் ஏறிவிட்டது. காகிதம் கண்ட இடம் கழிப்பிடம். பழைய தாளுக்கும் புதிய தாளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு காலை கிரில் கம்பி வழியாக அன்றைய பேப்பர் வந்து விழுந்தது. உக்கிரபாண்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வருவதற்குள் மினி முந்திக்கொண்டது.

"கல்பனா!"

அவர் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சொட்டியது.

"தலையங்கத்துல இருந்து ராசிபலன் வரைக்கும் ஒண்ணு விடல."

"பேப்பர்ல போகத்தான் மாமா பழக்குனேன்."

"நல்லாத்தான் பழக்கியிருக்க. நான் இன்னும் படிக்கல."

தாளைக் கீழே வைத்தார். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் காபி குடிக்கப் போனார்.

கல்பனா வேலை பார்த்தது மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி செய்து அனுப்பும் கம்பெனி ஒன்றில். துணியில் நூல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பக்கத்து மேஜைக்காரி ஷீனா, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருபவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"உள்ள பழக்கினா இப்பிடித்தான். வெளிய கூட்டிட்டுப் போக்கா. அதுக்குப் புடிச்சதைக் கையில வச்சுக்க. போன ஒடனே ஒரு வாய் குடு. அம்புட்டுதான்."

"அதுக்குப் புடிச்சது பால்கோவா."

"பெறகு? எங்க ஊரு நாய்லா!"

ஷீனாவே ஒரு பாக்கெட் வாங்கிவந்து கொடுத்தாள். மறுநாள் காலை கல்பனா மினியை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். மினி போனது. பால்கோவா கிடைத்தது. மினி கல்பனாவின் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தது. ஏதோ கணக்குப் போடுவது போல இருந்தது.

அடுத்து மின்கம்பத்தடியில் ஒரு சொட்டு. திரும்பிப் பார்த்தது. பால்கோவா. குழாயடியில் ஒரு சொட்டு. பால்கோவா. எதிர்வீட்டுச் சுடலைமாடத்தி அப்போதுதான் போட்டு முடித்திருந்த கோலத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு.

"ஏட்டி கல்பனா! அது மூத்திரம் போகுதா, புள்ளி வைக்கா?"

"பழகிட்டு இருக்குக்கா!"

ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் என்று பாக்கெட் காலியானது. வெற்றியோடு வீட்டுக்குள் வந்தார்கள். தவணை முறையில் சேமித்து வைத்திருந்த அத்தனையையும் மினி சாய்வு நாற்காலியின் காலடியில் ஒரே மூச்சில் கொட்டியது. மாலைக்குள் பால்கோவாவும் வயிற்றில் தன் வேலையைக் காட்டியது.

அன்று வட்டம் போதவில்லை. உக்கிரபாண்டி நீள்வட்டம் போட வேண்டியிருந்தது.

"இதுக்கு வேற செக்‌ஷன்," என்றார்.

மினியை வயர்க்கூடையில் வைத்து, ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறந்தாள் கல்பனா. அங்கே கால்நடை மருத்துவர் ஹரிகிருஷ்ணன், மினியைக் குட்டியிலிருந்தே பார்ப்பவர். மினி மேஜை மேல் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது.

"என்ன சாப்பிட்டுது?"

"பால்கோவா சார்."

"யாரு குடுத்தா?"

"நான்தான்."

"எம்புட்டு?"

"கால் கிலோ இருக்கும்."

டாக்டர் பேனாவை மூடினார்.

"இனிமே குடுத்தீங்கன்னா, அடுத்த ஊசி ஒங்களுக்குத்தான்," என்றார். "ஒடம்புல நோவு ஒண்ணும் கெடையாது. ஒங்க அக்கா வீட்டுல பின்கதவைச் சாத்துனதே இல்ல. பின்னாடி மண்தரை. உள்ள, வெளியன்னு ரெண்டு உண்டுங்கதே இதுக்குத் தெரியாது. இப்பத்தான் மொதமொதல்ல படிக்குது."

"அஞ்சு வயசுல படிக்குமா சார்?"

"படிக்கும். எந்திரிச்ச ஒடனே, சாப்பிட்ட ஒடனே, ஒரே எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. போனா தடவிக் குடுங்க. உள்ள போயிட்டா திட்டாதீங்க. வாடை இருந்தா திரும்பவும் அங்கயேதான் போகும், வினிகர் ஊத்தித் தொடைங்க. ரெண்டு மாசத்துல சரியாயிரும்."

"ஆடிப்பூரம் வரைக்கும்தான் சார் டைம்."

"தேருக்கும் நாய்க்கும் என்னம்மா சம்பந்தம்?"

அதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று கல்பனாவுக்குத் தெரியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாப்பிட்ட உடனே கூட்டிப்போக வேண்டும் என்றால் பகலில் யார் கூட்டிப்போவது? இரவுச் சாப்பாட்டின்போது தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, மத்தியானம் ஒரு தடவை, நீங்க செத்த நேரம் வேப்பமரம் வரைக்கும்..."

"நானா?"

"ஆமா மாமா."

"இதைப் புடிச்சுக்கிட்டா?"

"பெல்ட் இருக்கு மாமா."

"நான் உள்ள தள்ளுன கேடிக எல்லாம் இப்ப வெளியதான் இருக்கானுக. இந்தத் தெரு வழியாத்தான் போறானுக, வாரானுக." சோற்றைப் பிசைந்தார். "பாத்தானுகன்னா அன்னைக்கே திருந்திருவானுக, சிரிச்சுச் சிரிச்சு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கம்பெனியில் நூல் விட்டதற்காகக் கழித்துப் போட்ட பேண்டேஜ் சுருள்கள் ஒரு மூட்டை கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை அதில் ஒன்றை எடுத்து, தரை நனையாமல் இருக்கக் கோவணம்போல் கல்பனா மினியின் இடுப்பைச் சுற்றினாள். அது நழுவியது. வயிற்றோடு சேர்த்துச் சுற்றினாள். பிடிமானத்துக்காகக் கழுத்து வரை கொண்டுபோனாள். சுற்றி முடித்தபோது வாலும் முகமும் மட்டும் வெளியே தெரிந்தன. பஸ் அடியில் போய்த் திரும்பியதுபோல் மினி போய் கிரில் கதவருகே நின்றது.

முதலில் பார்த்தது சுடலைமாடத்தி.

"ஆத்தாடி! வாயில்லா சீவன்! யாரு ஏத்துனது?"

கல்பனா விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் செய்தி தெருவைச் சுற்றிவிட்டது. கட்டுப் போட்ட வீட்டுக்கு வெறுங்கையோடு போவது அந்தத் தெருவில் வழக்கம் இல்லை. ரொட்டி பாக்கெட் வந்தது. சாத்துக்குடி வந்தது. யாரோ ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"லாரியா, பைக்கா அண்ணாச்சி?"

உக்கிரபாண்டி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேஸ் குடுத்தாச்சா?"

பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"விடுங்கப்பா," என்றாள் சுடலைமாடத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவிய பேச முடியாம இருக்காவ. உள்ளுக்குள்ள அம்புட்டுப் பாசம்."

அவர் மீசை ஒருமுறை துடித்தது. அதையும் துக்கமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் மினி நடக்கத் தொடங்கியது. வால்பக்கம் தொங்கிய நுனி ஜமுக்காளத்தில் யாருடைய முழங்காலிலோ மாட்டிக்கொள்ள, அது நடக்க நடக்கப் பேண்டேஜ் நீளமாக அவிழ்ந்துகொண்டே வந்தது. கழுத்து வெளியே வந்தது. வயிறு வந்தது. கூடமே குனிந்து பார்த்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

வாசற்படியை அடைந்தபோது மினி முழுதாக விடுதலை ஆகியிருந்தது. வெளியே போக வேண்டும் என்ற பாடம் அதற்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. வெளியே போனது. அங்கே தெருவின் செருப்புகள் அத்தனையும் வரிசையாக இருந்தன. மோந்து பார்த்து, மெத்தென்று வெல்வெட் வைத்த ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தது.

சுடலைமாடத்தி எழுந்து வந்து வலது காலை உள்ளே விட்டாள்.

அவள் போட்ட சத்தம் அடுத்த தெரு வரை கேட்டது. போகும்போது, தான் கொண்டுவந்த ரொட்டி பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

எல்லோரும் போன பிறகு உக்கிரபாண்டி எழுந்தார்.

"போதும். நாளைக்கே பால்ச்சாமிக்குப் போன் போடுதேன்."

கல்பனா பேண்டேஜைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக "சரி மாமா" என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவள் சொல்லவில்லை.

"தேர் வரைக்கும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"வாய்தாவுக்கு முன்னால தீர்ப்புச் சொல்லலாமா மாமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மருமகள் அவரை எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டவளும் தன் குரலைக் கேட்டு மிரண்டு போயிருந்தாள். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"சாயங்காலம் நான் வாரப்போ, இந்த வீட்டுல எந்திரிச்சு வந்து யாரு வந்திருக்கான்னு பாக்கது அது ஒண்ணுதான் மாமா."

கடிகாரம் ஓடியது. உக்கிரபாண்டி சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். அதை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு, சோபாவுக்கு அடியில் தெரிந்த வெள்ளை மூக்கை நெடுநேரம் பார்த்தார்.

"தேர் வரைக்கும்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

மறுநாளிலிருந்து கல்பனா டாக்டர் சொன்னதைச் சட்டம்போல் நடத்தினாள். எழுந்ததும் வேப்பமரம். வேலைக்குப் போகும்முன் வேப்பமரம். வந்ததும் வேப்பமரம். பழைய வட்டங்கள் இருந்த இடத்தையெல்லாம் வினிகர் ஊற்றித் தேய்த்தாள். கூடம் ஊறுகாய் ஜாடிபோல் மணத்தது.

சில நாள் கழித்து, மாலை வேலையிலிருந்து வந்து கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கை உயரவில்லை. தரையில் வட்டம் இல்லை. சோபாவை நகர்த்திப் பார்த்தாள். பூஜை அறை வாசலைப் பார்த்தாள். பதக்கப் படத்துக்குக் கீழே மண்டியிட்டு, கையால் தடவியே பார்த்தாள்.

"மாமா, இன்னைக்கு?"

"ம்ஹூம்."

"காலைலயும் இல்லையா?"

"வட்டம் தெரியுதா?"

"இல்ல மாமா."

"பெறகு என்ன கேள்வி?"

அடுத்த நாளும் வட்டம் இல்லை. அதற்கடுத்த நாளும். காலையில் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனால் மினி சும்மா மோந்து பார்த்துவிட்டு, அவசரம் எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது. ராத்திரி முழுக்க அடக்கி வைத்த பிறகும் இந்த நிதானமா என்று கல்பனாவுக்குப் புல்லரித்தது.

சுந்தரபாண்டியனுக்கு லடாக்கில் சிக்னல் கிடைத்தபோது அவள் கத்தியே சொன்னாள்.

"பழக்கிட்டேங்க!"

"எங்கப்பாவையா?"

"மினியை!"

"எங்கப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. இப்பல்லாம் வட்டமே போடுததில்ல."

"அம்மாகூட அவரை அப்பிடிப் பழக்குனதில்ல," என்றான் அவன்.

கம்பெனியில் ஷீனா எல்லோரிடமும் சொன்னாள். கொஞ்ச நாளில் கல்பனாவின் பெயர் பரவிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பூனை வைத்திருப்பவர்கள்கூட வந்து சந்தேகம் கேட்டார்கள். ஒரு நாள் மாலை ஷீனாவின் கணவன் கிளாட்வின், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தங்கள் பக் நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். அது வீட்டில் பைபிள் வைத்திருக்கும் ஸ்டூலின் காலை மட்டும் குறிவைத்து நனைக்கிறதாம்.

"பாஸ்டர் ஜெபம் பண்ண வாரப்பல்லாம் மானம் போகுதுக்கா. நீங்கதான் வழி சொல்லணும்."

கல்பனா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். தனக்கே அது புதிதாக இருந்தது.

"முதல்ல நாயோட மனசைப் புரிஞ்சுக்கிடணும் கிளாட்வின். அது தப்புப் பண்ணல. நாமதான் சொல்லித் தரல."

கிளாட்வின் பயபக்தியோடு தலையாட்டினான்.

"அதட்டக் கூடாது. அதட்டுனா பயந்து ஒளிஞ்சு போகும். ஒரே எடம், ஒரே நேரம். நம்ம மனசு உறுதியா இருந்தா அதுக்குத் தானா தெரிஞ்சிரும்."

சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு இருமல் கேட்டது. கிளாட்வின் அந்தப் பக்கம் திரும்பினான்.

"நெசமாவே சரியாயிட்டா சார்?"

உக்கிரபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தரை காஞ்சிருக்கு," என்றார். கூண்டில் நின்று சாட்சி சொல்வதுபோல், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

கல்பனா டாக்டரையும் விடவில்லை. போன் போட்டாள்.

"ரெண்டு மாசம்னீங்களே சார். பத்தே நாளு!"

"அஞ்சு வயசுப் பொமரேனியனா?" டாக்டரின் குரலில் நம்பிக்கை இல்லை. "என்னம்மா பண்ணுனீங்க?"

"பொறுமைதான் சார்."

"பெரிய விஷயம்மா. இங்க வாரவங்களுக்கு ஒங்க நம்பரைக் குடுக்கட்டுமா?"

"குடுங்க சார்," என்றாள் கல்பனா, மிகவும் தாராளமாக.

ஆடிப்பூரத்தன்று கம்பெனிக்கு விடுமுறை. நண்பகலுக்குப் பிறகு பால்ச்சாமி வந்தார். வேர்வையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக, தேர் வடத்தைத் தொட்டு இழுத்த மகிழ்ச்சி முகத்தில் இருந்தது. கையில் மூடியோடு கூடிய ஒரு பிரம்புக் கூடை. உள்ளே வைக்கோல்கூடப் பரப்பிக் கொண்டுவந்திருந்தார்.

"எங்க அண்ணே ஆளு?"

மினி கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. கல்பனா அதைக் குளிப்பாட்டிச் சீவி விட்டிருந்தாள்.

பால்ச்சாமி தரையைச் சுற்றி வந்தார். குனிந்தார். சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் மண்டியிட்டு மூக்கை வைத்து மோந்தும் பார்த்தார்.

"என்னண்ணே இது, மொகம் பாத்துச் சவரம் பண்ணலாம் போலருக்கு! போன்ல என்னமோ கொளம், கம்மாய்ன்னீங்க?"

"அது அப்ப."

"சித்தப்பா, ஒரு சொட்டு காட்டுங்க பாப்போம்," என்றாள் கல்பனா.

"இல்லையே தாயி."

எல்லோரும் உக்கிரபாண்டியைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்தார். பதக்கப் படத்தில் நிற்பதுபோலவே விறைப்பாக நின்று, மினியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"இருக்கட்டும்."

ஒரே ஒரு சொல்தான். கல்பனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மினியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பால்ச்சாமி கூடையிலிருந்த வைக்கோலைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து, "கூடை சும்மாதான் போகுது, மாம்பழம் இருந்தா போட்டுக் குடு," என்றார்.

கல்பனா ஓடிப்போய் இனிப்பு டப்பாவை எடுத்தாள். தெருவில் ஒரு வீடு விடவில்லை. "பழகிட்டுதுக்கா, இனி எங்கயும் போகாது," என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். இனிப்பு வாங்கியவர்கள், செருப்பு நனைந்த சுடலைமாடத்தி உட்பட, பின்னாலேயே வந்து வாசலில் கூடிவிட்டார்கள். கிளாட்வினுக்கு வழி சொன்ன கதையை இரண்டு முறை சொன்னாள். டாக்டரே நம்பர் கேட்ட கதையை மூன்று முறை. பால்ச்சாமி, "ஏன் தாயி, என் தோப்பு நாய்க்கு ஒரு வகுப்பு எடேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உக்கிரபாண்டி மட்டும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சுடலைமாடத்தி இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே, படியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபமெல்லாம் தீர்ந்து போயிருந்தது. ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"நாய் பழகிட்டுது, பழகிட்டுதுன்னு ஊரு பூரா சொல்லுதியே கல்பனா, பெறகு எதுக்குட்டி அண்ணாச்சி தெனமும் விடியக்கருக்கல்ல நான் வாசல் தெளிக்க வார நேரத்துக்கு முட்டி போட்டுக் கூடத்தைத் தொடைச்சுக்கிட்டு, 'ஏட்டி மினிக்குட்டி, ஒங்கம்மா எந்திரிக்கதுக்குள்ள முடிச்சிருதேன், கொரைச்சு காட்டிக் குடுத்துராதட்டி'ன்னு அதுகிட்டக் கெஞ்சிக்கிட்டு இருக்காவ?"